வட ஆற்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா: கடல் கடந்த குடும்பங்களின் அன்றாடம்

நேட்டாலுக்கும் பிஜிக்கும் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் அரசுப் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடல் அடையாளம் எனக் கட்டங்கள் நிரப்பப்பட்டுள்ளன. சென்னையில் கப்பலேறியவர்களின் பட்டியல்களில் ஜில்லாக் கட்டத்தில் அடிக்கடி காணப்படும் பெயர் வட ஆற்காடு. தென்னாப்பிரிக்காவிலும் பிஜியிலும் வாழும் நான்காம், ஐந்தாம் தலைமுறையினர் அந்தப் பெயரை நம்பி வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் வந்து மூதாதையர் ஊரைத் தேடுகின்றனர். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு உரிய ஊர் இன்றைய தமிழ்நாட்டில் இல்லை. 1911ஆம் ஆண்டு வரை வட ஆற்காட்டின் தலைநகர் சித்தூர். திருப்பதியை உள்ளடக்கிய சந்திரகிரித் தாலுகா, பலமனேர், சித்தூர் ஆகியவையும், காளாஸ்திரி, கார்வேட்டிநகரம், புங்கனூர் ஜமீன்களும் அந்த ஜில்லாவைச் சேர்ந்தவை. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமானது. நேட்டாலுக்கு ஆள் அனுப்புதல் நின்றதும் அதே ஆண்டில்தான். ஆகவே நேட்டால் சென்ற சித்தூர், திருப்பதிப் பகுதி மக்கள் ஏறக்குறைய அனைவரும் 'வட ஆற்காட்டார்' என்றே பதிவாகியுள்ளனர்.

வெளிநாட்டில் வாழும் குடும்பம் எதிர்கொள்ளும் பண்பாட்டு அதிர்ச்சியைப் பற்றி இன்று எழுதப்படுபவை பெரும்பாலும் விமானத்தில் சென்றவர்களைப் பற்றியவை. குளிர், உணவு, அண்டை வீட்டாரின் மௌனம், பிள்ளைகளின் உச்சரிப்பு ஆகியவை அவற்றில் பேசப்படுகின்றன. இந்தப் பகுதியிலிருந்து குடும்பமாக, அல்லது குடும்பம் ஆவதற்காகக் கடல் கடந்த முதல் பெருந்திரளுக்கு அந்த அதிர்ச்சி எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் வாதம் எளியது. அம்மக்களை நிலைகுலையச் செய்தது அயல்நாட்டாரின் பண்பாடு என்பதைவிட, தங்கள் அன்றாடத்தை ஓர் அலுவலகம் வகைப்படுத்திக் கட்டங்களில் அடைத்த முறையே. பெயர், சோறு, வீடு, திருமணம், மொழி ஆகிய ஐந்தையும் சித்தூர்ப் பக்கத்திலிருந்து நோக்கினால் இது தெளிவாகும்.

சென்றவர்கள்

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,000க்கும் மேற்பட்டோர் ஒப்பந்தத்தின் பேரில் நேட்டால் சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். பிஜிக்கு 1879 முதல் 1916 வரை சென்ற சுமார் 61,000 பேரில் ஏறத்தாழ 15,000 பேர் சென்னை வழியாகச் சென்றனர். சென்னையிலிருந்து பிஜிக்குக் கப்பல் விடுதல் 1903இல்தான் தொடங்கியது. இரு நாடுகளுக்கும் ஆள் அனுப்பிய தென்னிந்திய மாவட்டங்களுள் முன்னணியில் நின்றவற்றுள் வட ஆற்காடு ஒன்று.

காரணங்கள் அறியப்பட்டவையே. ஏரிப் பாசனத்தையும் வானத்தையும் நம்பிய வறண்ட நிலம் அது. 1876–78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சம் வட ஆற்காட்டையும் கடப்பையையும் கடுமையாகத் தாக்கியது. சென்னைக்கும் வாலாஜா ரோடுக்கும் இடையே 1856இல் ஓடத் தொடங்கிய ரயில், அந்த மாவட்டத்தைத் துறைமுகத்தோடு இணைத்திருந்தது. நிலமற்றோரும் கடன்பட்டோரும் கைம்பெண்களும் கணவரைப் பிரிந்தோரும் அந்த வழியில் சென்றனர். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருத்தல் வேண்டும் என்பது கப்பலுக்குரிய விதி. அந்த விகிதத்தை எட்டுவதற்காகவும் துணை தேடியும் டிப்போவிலேயே இணைந்த தம்பதியர் பலர். 'டிப்போ கல்யாணம்' என்ற சொல்லே வழக்கில் இருந்தது. எனவே 'குடும்பமாகச் சென்றனர்' என்று நாம் எழுதும்போது, ஒரு பகுதிக் குடும்பங்கள் பயணத்தில் உருவானவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அவர்களுக்குப் புதுமை கடலுக்கு அப்பால் தொடங்கவில்லை. டிப்போவின் வாசலிலேயே தொடங்கிவிட்டது.

பெயர்

திருமலையைச் சுற்றிய ஊர்களில் முனுசாமி, வெங்கடசாமி, கோவிந்தசாமி, ஏழுமலை, மங்கம்மா என்பன எளிய குடும்பங்களின் பெயர்கள். குலதெய்வமோ நேர்த்திக்கடனோ அந்தப் பெயருக்குள் இருந்தது. பெயருக்கு முன் தந்தையின் பெயரோ தெலுங்கர் வழக்கப்படி வீட்டுப்பெயரோ இருக்கலாம். 'குடும்பப் பெயர்' என்று மேற்கத்தியர் கருதும் பொருளில் ஒன்று தமிழரிடம் இல்லை.

நேட்டாலில் வெள்ளையர் இந்திய ஆண்களை 'சாமி' என்றும் பெண்களை 'மேரி' என்றும் விளித்தனர். தமிழ்ப் பெயர்கள் பலவும் 'சாமி' என முடிவதால் ஏற்பட்ட வழக்கு அது என்று காந்தியடிகள் தம் சுயசரிதையில் விளக்குகிறார். இறைவனைக் குறித்த சொல் ஏவலாளைக் கூப்பிடும் சொல்லாயிற்று. சித்தூர்ப் பகுதியிலிருந்து சென்றவருக்கு இது எப்படி ஒலித்திருக்கும் என்பதைச் சிந்திக்க வேண்டும். மலையேறும்போது சொல்லும் சொல்லும், மேற்பார்வையாளன் அதட்டும்போது கேட்கும் சொல்லும் ஒன்றாகிவிட்டன.

அடுத்த தலைமுறையில் பெயர் வேறொரு வகையில் மாறியது. பதிவாளருக்குக் குடும்பப் பெயர் ஒன்று தேவைப்பட்டது. சிலருக்குப் பாட்டனின் பெயரே குடும்பப் பெயராயிற்று. முனுசாமியும் பெருமாளும் சின்னசாமியும் இன்று தென்னாப்பிரிக்காவில் குடும்பப் பெயர்கள். வேறு சிலர் நாயுடு, ரெட்டி, பிள்ளை, முதலியார், செட்டி ஆகிய பட்டங்களைக் கொண்டனர். இவை 'நாயுடூ', 'மூட்லி' என ஆங்கில எழுத்துக்கேற்ப உருமாறி நிலைத்தன. ஊரில் சாதியைச் சுட்டிய பட்டம் அங்கே பள்ளிப் பதிவேட்டின் தேவையை நிறைவுசெய்தது. ஆகவே குடும்பப் பெயரை மட்டும் கொண்டு ஒருவரின் சாதியையோ தாய்மொழியையோ முடிவுசெய்வது ஆய்வில் தவறான வழி.

தலைப்பாகையும் பெயரைப் போன்றதே. 1894இல் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, முதலாளி அடித்ததால் பல் உடைந்து குருதி ஒழுக, தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி காந்தியடிகளின் அலுவலகத்தில் வந்து நின்றார். வெள்ளையரைக் காணச் செல்லும் தொழிலாளி தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். நம் ஊர்களில் பெரியவர் முன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டும் வழக்கம் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. பணிவின் உடல்மொழி அவர்களுக்குப் புதியது அன்று. பழைய பணிவுக்கு ஊர் உறவு, வழக்கு, எல்லை ஆகியவை இருந்தன. புதிய பணிவுக்கு அவை இல்லை.

சோறு

நேட்டால் ஒப்பந்தத்தில் உணவுப் பங்கீடு அளவோடு எழுதப்பட்டிருந்தது. நாளுக்கு ஒன்றரை ராத்தல் அரிசி, அல்லது வாரத்தில் சில நாள்களுக்கு அரிசிக்குப் பதிலாக இரண்டு ராத்தல் மக்காச்சோள மாவு. மாதத்திற்கு இரண்டு ராத்தல் பருப்பு, இரண்டு ராத்தல் உப்பிட்ட மீன், ஒரு ராத்தல் நெய் அல்லது எண்ணெய், ஒரு ராத்தல் உப்பு. பெண்களுக்குக் கூலியிலும் பங்கீட்டிலும் பாதி.

'மதராசி என்றால் அரிசி உண்பவன்' என்ற கருத்து இந்தப் பட்டியலின் அடியில் இருக்கிறது. தஞ்சைக் கழிமுகத்துக்கு அது பொருந்தலாம். சித்தூர், பலமனேர், சந்திரகிரி ஊர்களின் உழைக்கும் மக்களுக்கு அன்றாட உணவு கேழ்வரகு. தமிழ் வீடுகளில் அது களியும் கூழும் ஆகும். தெலுங்கு வீடுகளில் 'சங்கட்டி'. கம்பும் சோளமும் அடுத்த நிலையில் இருந்தன. நெல்லுச் சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியது. எனவே 'நாள்தோறும் அரிசி' என்ற வாக்குறுதி இவர்களுக்கு வறுமையின் அடையாளமாகத் தோன்றியிருக்காது; பண்டிகை நாள்தோறும் வரும் என்ற பொருளையே தந்திருக்கும். ஆள்சேர்ப்பவனின் பேச்சுக்கு அங்கே வலிமை கிடைத்ததன் காரணங்களுள் இதையும் ஒன்றாகக் கருதலாம்.

கரும்புத் தோட்டத்தில் அந்த அரிசி மக்காச்சோள மாவாக மாறியபோது முறையீடு எழுந்தது. இதை 'அயல் உணவை ஏற்க மறுத்த பழைமை' என்று காலனிய அதிகாரிகள் எழுதினர். மாவை நீரில் கிளறிக் களியாக்கும் கைத்திறன் இம்மக்களுக்குப் பிறப்போடு வந்தது. சோள மாவை எப்படி உண்பது என்று அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் முறையிட்டது ருசிக்காக மட்டும் அன்று. எழுதிக்கொடுத்த வாக்கு மீறப்பட்டதற்காக. ஜூலு மக்கள் சோள மாவில் செய்யும் 'உபூத்து' என்னும் உதிர்பதமான உணவு பின்னாளில் நேட்டால் இந்தியர் வீடுகளிலும் குழம்போடு உண்ணப்படும் உணவாயிற்று. நம் 'புட்டு' என்ற சொல்லோடு அது ஒலியில் ஒத்திருப்பது தற்செயல். ஆனால் களியும் புட்டும் அறிந்த கை அதை எளிதில் ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. பங்கீட்டுத் தராசு விலகி, தன் அடுப்பில் தானே சமைக்கும் உரிமை கிடைத்த பிறகு, அயல் உணவு அயலாக நிற்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தவர்கள் சிறு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறித் தோட்டம் இட்டு டர்பன் சந்தைக்கு அனுப்பினர். ஊரில் நிலமற்றிருந்த பலர் முதன்முறையாகத் தாம் உண்பதைத் தாமே விளைவித்தது அங்கேதான்.

வீடும் நேரமும்

பிஜியின் 'லைன்' வீடுகளில் ஓர் அறை பத்தடிக்கு ஏழடி. மணமாகாத ஆண்கள் மூவருக்கோ, ஒரு தம்பதிக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கோ அவ்வறை. நேட்டாலின் 'பாரக்' குடியிருப்புகளும் இதே நோக்கில் கட்டப்பட்டவை. சித்தூர்ப் பகுதியின் எளிய வீடும் சிறியதே. ஆனால் அதற்கு வெளியே திண்ணையும் தெருவும் களமும் மரத்தடியும் இருந்தன. உறங்கவும் மழைக்கு ஒதுங்கவும் மட்டுமே வீடு. வாழ்க்கை வெளியில் நடந்தது. லைன் வீட்டுக்கு வெளியே இருந்தது முதலாளியின் நிலம். எழுத்துச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியேறுவது குற்றம். அறையின் அளவைவிடத் திண்ணையின் இழப்பே பெரியது என்று நான் கருதுகிறேன். பெண்கள் கூடிப் பேசும் இடம், மணப்பேச்சு நடக்கும் இடம், சண்டையைப் பெரியவர்கள் தீர்க்கும் இடம் ஆகிய அனைத்தும் அதனோடு போயின. ஒரே சுவருக்கு அப்பால் வேற்றூர், வேற்றுச்சாதி, வேற்றுமொழி மனிதர் வாழ்ந்தனர். சாதித் தெருக்களின் ஒழுங்கு அங்கே குலைந்தது. அது ஒடுக்கப்பட்டோருக்கு விடுதலையின் சாயலையும் தந்தது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எழுதுவது முழு வரலாறு ஆகாது.

நேரத்தின் ஒழுங்கும் மாறியது. விடியலில் மணி, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. அமாவாசை, கிருத்திகை, சனிக்கிழமை என்ற கணக்கு வேலைநாள் கணக்கோடு பொருந்தவில்லை. நேட்டாலில் இந்தியத் தொழிலாளர்களுக்கு ஆண்டு விடுமுறையாக வழங்கப்பட்டது முஹர்ரம். வெள்ளையர் அதைக் 'கூலி கிறிஸ்துமஸ்' என்று ஏளனமாக அழைத்தனர். இந்துக்களே பெரும்பான்மையாக இருந்த மக்களுக்கு முஹர்ரம் விடுமுறை கொடுத்ததை நிர்வாகத்தின் அறியாமை என்று சிலர் எழுதுவர். சித்தூரிலிருந்து பார்த்தால் அது அவ்வளவு விசித்திரம் இல்லை. ராயலசீமையிலும் வட ஆற்காட்டிலும் 'பீர்ல பண்டுக' என்றும் 'அல்லாசாமி பண்டிகை' என்றும் வழங்கிய முஹர்ரத்தில் இந்துக்கள் புலிவேடமிட்டும் நேர்ந்துகொண்டும் கலந்துகொண்டனர். டர்பன் தெருக்களில் தமிழரும் தெலுங்கரும் அந்த ஊர்வலத்தில் நடந்தது ஊரிலிருந்து கொண்டுசென்ற பழக்கம். தீபாவளிக்கு விடுமுறை வேண்டும் என்ற இயக்கம் சுவாமி சங்கரானந்தர் போன்றோரின் வருகைக்குப் பின், 1908ஐ அடுத்த ஆண்டுகளில்தான் வலுப்பெற்றது. மத எல்லைகள் கூர்மையானது பிற்காலத்தில். பழைய அன்றாடம் அவற்றைக் கடந்திருந்தது.

அன்றாடத்தில் திருப்பதி எவ்வாறு தங்கியது என்பதற்கு ஒரு சான்று போதும். புரட்டாசி மாதம் தென்னாப்பிரிக்காவில் இன்றும் 'புர்ட்டாசி' என்றே வழங்குகிறது. தமிழரும் தெலுங்கரும் அம்மாதத்தில் புலால் விலக்கிச் சனிக்கிழமைகளில் கோவிந்தனை வழிபடுகின்றனர். தமிழ் பேச அறியாத தலைமுறைக்கும் இந்த மாதப் பெயர் தெரியும். தெலுங்கரின் பஞ்சாங்கம் சந்திரமானம். புரட்டாசி சௌரமான மாதம். தெலுங்குக் குடும்பமும் அதைக் கடைப்பிடிப்பது, இரு மொழியாரும் கலந்து வாழ்ந்த திருமலைச் சுற்றுவட்டார வழக்கின் தடம் எனக் கொள்ளத்தக்கது.

திருமணமும் வரியும்

குடும்பத்தை நேரடியாகத் தாக்கியவை இரண்டு: திருமணச் சட்டமும் தலைவரியும். ஊரில் தாலி கட்டினால், பந்தலில் ஊரார் இருந்தால், அது திருமணம். நேட்டாலில் ஒப்பந்தத் தொழிலாளரின் திருமணம் 'பாதுகாப்பாளர்' அலுவலகத்தில் பதிவானால்தான் சட்டப்படி செல்லும். பிஜியிலும் பதிவே சான்று. பதிவில்லாத மனைவி சட்டத்தின் கண்ணில் மனைவி அல்லள். அவளுடைய பிள்ளைகளின் உரிமை ஐயத்துக்குரியது. மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணப்பது, முறைப்பெண், சீர், தாய்மாமன் கடமை ஆகிய உறவு இலக்கணம் முழுவதும், உறவினர் எவரும் இல்லாத நாட்டில் பயன்பாட்டை இழந்திருந்தது. ஒரே கப்பலில் வந்தவர்களை உறவினராகக் கொண்டு அந்த இடம் நிரப்பப்பட்டது. இவ்வாறு அரும்பாடுபட்டு மீட்டுக்கொண்ட குடும்பத்தை ஏட்டில் இல்லை என்று சட்டம் சொன்னது.

1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பு, பலதார மணத்தை அனுமதிக்கும் சமயங்களின் முறைப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்காது என்ற நிலையை உருவாக்கியது. அவ்வாண்டுச் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் திரளாக இறங்கியதற்கு இது உடனடிக் காரணம். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று, விடுதலையான சில நாள்களில், 1914 பிப்ரவரி 22 அன்று மறைந்தார். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து வளர்ந்த அவரை நாம் தில்லையாடியின் பெயராலேயே நினைவுகூர்கிறோம். 'சொந்த ஊர்' என்பது பிறந்த ஊரா, குடும்பத்தின் ஊரா என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

தலைவரியின் கணக்கு இன்னும் வெளிப்படையானது. 1895ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடிந்தும் திரும்பாமல் மறு ஒப்பந்தமும் செய்யாமல் தங்குவோர் ஆண்டுக்கு மூன்று பவுன் செலுத்த வேண்டும் என்றது. 1903இல் அது 16 வயதுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளைகளுக்கும் 13 வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஒப்பந்தத்தின் முதல் ஆண்டில் ஆணின் மாதக் கூலி பத்து ஷில்லிங். மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங், அதாவது ஆறு மாதக் கூலி. கணவன், மனைவி, வளர்ந்த மகன், மகள் என நால்வர் கொண்ட வீட்டுக்குப் பன்னிரண்டு பவுன். ஊரில் பெண் பிள்ளை பூப்பெய்தினால் குடிசை கட்டி, மாமன் சீர் கொண்டுவந்து கொண்டாடுவர். நேட்டாலில் ஏறக்குறைய அதே வயது, வரி தொடங்கும் வயதாயிற்று. ஒரு குடும்பத்தின் வாழ்வில் இதைவிடக் கடுமையான அதிர்ச்சியை எந்த அயல் பழக்கமும் தந்திருக்க இயலாது. 1913 வேலைநிறுத்தத்துக்குப் பின், 1914ஆம் ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டம் இவ்வரியை நீக்கி, திருமணங்களை ஏற்கவும் வழிசெய்தது.

மொழி

சித்தூர்க் குடும்பத்துக்கு இருமொழி வாழ்வு புதியதன்று. வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ். அல்லது தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் மற்றொன்று. கன்னட எல்லையும் தக்கினி உருதும் அருகிலிருந்தன. இத்தகையோரைக் காலனியப் பதிவு 'மதராசி' என்ற ஒரே சொல்லில் அடைத்தது. பிஜியில் வட இந்தியர் முன்னரே குடியேறியிருந்ததால், தோட்டத்தின் ஏவல் மொழி இந்துஸ்தானி. 1903க்குப் பின் வந்த தென்னிந்தியருக்கு ஏவல் புரியவில்லை. புரியாமை கீழ்ப்படியாமையாகக் கருதப்பட்டது. 1915இல் பிஜி சென்ற சி. எஃப். ஆண்ட்ரூஸும் பியர்சனும் அடுத்த ஆண்டு வெளியிட்ட அறிக்கை, தொழிலாளரிடையே தற்கொலை மிகுந்திருந்ததைச் சுட்டியது. பாரதியின் பிஜிப் பாடல் வழியாகத் தமிழுலகம் அந்தத் துயரை அறிந்தது. அப்பாடல் நமக்குக் கண்ணீரைத் தந்தது. அதோடு நாம் நின்றுவிட்டதால், பேச்சு புரியாத தோட்டத்தில் ஒரு குடும்பம் ஒரு நாளை எப்படிக் கழித்தது என்ற கேள்வி ஆய்வுக்கு வராமலே போயிற்று.

பின்னர் மக்களே தம்மை வகுத்துக்கொண்டனர். 1926இல் சாது குப்புசாமியின் முயற்சியால் பிஜியில் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம், தமிழ், தெலுங்கு உள்ளிட்ட தென்மொழியினர் அனைவருக்கும் பொதுவாக இருந்தது, பள்ளிகளை நிறுவியது. பின்னர் ஆந்திரர் தமக்குத் தனிச் சங்கம் கண்டனர். தென்னாப்பிரிக்காவில் 1931இல் ஆந்திர மகா சபை தோன்றியது. தமிழ்ப் பெரும்பான்மையில் தெலுங்கு கரைந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் சித்தூர் வழிவந்த குடும்பம் ஒன்று தான் எந்தச் சங்கத்தைச் சேர்ந்தது என்று முடிவுசெய்ய நேர்ந்தபோது, வீட்டுக்குள் இணைந்திருந்த இரண்டில் ஒன்றை வெளியே விட வேண்டியதாயிற்று.

திரும்பியவர்கள்

1927ஆம் ஆண்டுக் கேப்டவுன் உடன்படிக்கை, இந்தியா திரும்ப விரும்புவோருக்குப் பயணச் செலவோடு தலைக்கு இருபது பவுனும், பிள்ளைகளுக்குப் பத்துப் பவுனும் தந்து அனுப்பும் திட்டத்தை வகுத்தது. திரும்பியோர் பலர் நேட்டாலிலேயே பிறந்தவர்கள். 1931இல் பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் வெளியிட்ட அறிக்கை, அவர்கள் பட்ட பாட்டை ஆவணப்படுத்தியது. கையிருப்புப் பணம் விரைவில் கரைந்தது, வேலை கிடைக்கவில்லை, மலேரியாவும் தட்பவெப்பமும் வாட்டின. சாதி கடந்து மணந்தவர்களை ஊர் ஏற்கவில்லை. பிள்ளைகள் பேசிய மொழி பாட்டிக்குப் புரியவில்லை. பலர் சென்னையிலேயே தங்கிவிட்டனர். பலர் மீண்டும் கடல் கடக்க வழி தேடினர்.

இந்த இரண்டாம் அதிர்ச்சி என் வாதத்துக்கு ஒரு சோதனை. இங்கே காலனிய அலுவலகம் அவர்களை வகைப்படுத்தவில்லையே, சொந்தப் பண்பாடுதானே புறந்தள்ளியது என்று ஒருவர் கேட்கலாம். உண்மை. ஊரும் ஒரு பதிவேடு வைத்திருந்தது. சாதி, கோத்திரம், தீட்டு, முறை ஆகிய கட்டங்கள் அதில் இருந்தன. கடல் கடந்த குடும்பம் அவற்றை நிரப்ப இயலாமல் நின்றது. வகைப்படுத்தும் அதிகாரம் வெள்ளையரிடம் மட்டும் இருந்தது என்று எழுதினால், திரும்பி வந்தவர்களின் வரலாறு விடுபட்டுப்போகும்.

எல்லை மாறிய பின்

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் அதில் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டங்களுக்குப் பின், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திராவிலேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இதனால் ஒரே ஊர் பதிவேட்டில் வட ஆற்காடாகவும், பாட்டன் கடிதத்தில் சித்தூர் ஜில்லாவாகவும், இன்றைய வரைபடத்தில் திருப்பதி மாவட்டமாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டு ஆய்வாளர் அந்தக் குடும்பத்தைத் தமிழர் என்று எழுதுகிறார். ஆந்திர ஆய்வாளர் தெலுங்கர் என்று எழுதுகிறார். தேடி வரும் பேரப்பிள்ளைக்கு இரண்டுமே முழு விடை ஆவதில்லை.

இத்துறையில் பணியாற்ற விரும்பும் மாணவர்களுக்கு மூன்று பணிகளை முன்வைக்கிறேன். முதலாவது, நேட்டால், பிஜிப் பட்டியல்களில் 'வட ஆற்காடு' என்றுள்ள வரிகளைத் தாலுகா வாரியாகப் பிரித்து, சித்தூர், சந்திரகிரி, பலமனேர் ஊர்ப்பெயர்களை இன்றைய வருவாய்க் கிராமப் பட்டியலோடு ஒப்பிடுதல். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயரை அடையாளங்காணத் தமிழும் தெலுங்கும் ஒருங்கே தெரிந்தவர் வேண்டும். 'பள்ளி', 'பல்லி', 'பல்லெ' ஆகியவை ஒரே எழுத்துக்கூட்டலில் ஒளிந்திருக்கும். இரண்டாவது, திரும்பி வந்த குடும்பங்களின் வாய்மொழி மரபைச் சித்தூர், திருப்பதி ஊர்களில் சேகரித்தல். நேட்டாலில் பிறந்தவர்களின் பேரர்களே இன்று முதியவர்கள், காலம் அதிகமில்லை. மூன்றாவது, உணவு, வழிபாடு, உறவுமுறைச் சொற்கள் ஆகியவற்றை 'தமிழர் மரபு', 'தெலுங்கர் மரபு' என முன்கூட்டியே பிரிக்காமல், எல்லைப்புற வட்டார மரபாக நோக்குதல்.

திருப்பதிப் பல்கலைக்கழகங்களின் தமிழ், தெலுங்கு, வரலாற்றுத் துறைகளும், வேலூர், சென்னை ஆய்வாளர்களும் இணைந்து செய்யத்தக்க பணி இது. தத்தம் ஊர்களில் 'நேட்டால் வீடு', 'பிஜி வீடு' என்பன போன்ற வழக்குகளைக் கேட்டறிந்தவர்கள் ஊர்ப்பெயரோடு தெரிவித்தால், தாலுகா வாரிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.